பறக்காத சாம்பல்

இரண்டு முட்டை போதும் என்றுதான் அந்த டாக்டர் பெண் சொன்னார். நான் எட்டு கொடுத்தேன்.

பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றினேன். பிளாஸ்டிக் டப்பாவில் தவிட்டைப் பரப்பி அதில் அடுக்கினேன். "மேடம், இது கடை முட்ட மாதிரி இல்ல. ஒடச்சுப் பாருங்க, மஞ்சக்கரு செவசெவன்னு கீது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியில் பேனாவால் தேதியையும் எங்கள் தெருவையும் எழுதினார்.

"சாப்பிடறதுக்கு இல்லீங்க ஐயா. டெஸ்ட் பண்றதுக்கு."

"டெஸ்டுக்கு ரெண்டு போதும். மிச்சத்த சாப்டுங்க" என்றேன்.

வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி லூர்து என்னை முறைத்தாள். யாராவது படித்தவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் வழிவேன் என்பது அவளுடைய நீண்ட நாள் புகார். புகார் சரிதான்.

முப்பது வருடம் டிப்பர் லாரி ஓட்டியவன் நான். எதிரே வருகிற டிரைவர் வண்டியை எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்ததை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என் கோழிகளைப் பார்க்க எண்ணூருக்கு ஒரு டாக்டரே வந்திருக்கிறார் என்று பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

பேசாத பிள்ளை

வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கிறேன். நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் புத்தி தெரியும், பொறுத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது மாப்பிள்ளை வெல்டிங் வேலைக்குத் துபாய் போனார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜெனி பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாம் எங்கள் கொல்லைப்புறத்தில்தான்.

ஜெனிக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். "தாத்தா செருப்ப எட்த்தா" என்றால் என் செருப்பைத்தான் கொண்டுவருவாள், லூர்துவின் செருப்பை அல்ல. வேண்டியதை விரலால் காட்டுவாள். கிடைக்காவிட்டால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

தெருவில் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். "அதெல்லாம் லேட்டா பேசும்க்கா. எங்க சின்னம்மா புள்ள அஞ்சு வயசு வரைக்கும் ஊமையா இருந்தான். இப்போ வாயி மூட மாட்டேங்கறான்" என்றாள் ஒருத்தி. லூர்து வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். பிள்ளைகளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து ஸ்டெல்லாவுக்குப் போன் வந்தது. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதுவா?" என்று கேட்டேன்.

"அது வெள்ளீயம். இது காரீயம்" என்றார் வீட்டுக்கு வந்த டாக்டர் பெண். சுவரின் பெயின்ட்டைச் சுரண்டினார். குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். சமையல் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்தார். கொல்லைப்புற மண்ணில் ஒரு கரண்டி அள்ளிப் பையில் போட்டார். கடைசியில், குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகளைப் பார்த்தபடியே நின்றார்.

"குழந்தைக்கு இந்த முட்டை குடுப்பீங்களா?"

"தெனம் ரெண்டு" என்றேன். மார்பு நிமிர்ந்துதான் இருந்திருக்கும்.

ஏலத்தில் வந்தவர்கள்

கோழி வளர்க்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவை அந்தோணியார் கோயில் ஏலத்தில் வந்தவை.

நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்திலும் சரி, கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த எண்ணூரிலும் சரி, எங்கள் சனம் அந்தோணியாருக்குக் கோழி நேர்ந்துகொள்ளும். காய்ச்சல் இறங்கினால் கோழி, தொலைந்த வலை கிடைத்தால் கோழி. காலைக் கட்டிக் கொண்டுவந்து கோயிலில் விட்டுவிடுவார்கள். திருவிழா அன்று மாலை அவற்றையெல்லாம் ஏலம் போடுவார்கள். ஏலத்தில் எடுத்த கோழியைச் சிலர் அன்றே குழம்பு வைப்பார்கள். சிலர் புண்ணியக் கோழி என்று வளர்ப்பார்கள்.

ஸ்டெல்லா வயிற்றுப்பிள்ளையோடு வந்த வருடம், லூர்து என் விலாவில் இடித்து ஏலம் கேட்கச் சொன்னாள். ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் எடுத்தேன். இரண்டே வருடத்தில் பதினொன்றாகப் பெருகிவிட்டன.

சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் எல்லோரையும் அதட்டிக்கொண்டே சுற்றும். கருவாச்சி என்றொரு பெட்டை. ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் இன்னொன்றுக்கு நொண்டி என்றே பெயர். மற்றவை பெயர் வைக்க நேரம் கொடுக்காமல் வளர்ந்தவை.

காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் முதலில் மேஸ்திரி வெளியே வந்து, சட்டை உதறுவதைப் போல இறகை உதறும். அரிசிக் குருணை, பழைய சோறு, மீன் கழுவிய குடல் எல்லாம் போடுவோம். நான் ஓட்டிய கடைசி லாரியை உடைக்கும்போது அதன் டிரைவர் சீட்டைக் கேட்டு வாங்கி வந்து கொல்லையில் போட்டிருந்தேன். நான் உட்காரலாம் என்று போட்டது. கருவாச்சி அதைப் பிடித்துக்கொண்டு அதில்தான் முட்டையிடும். என் சீட்டில் என்னைவிட அது நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

முட்டை சூடாக இருக்கும்போதே ஜெனியின் கையில் கொடுப்பேன். இரண்டு கையாலும் ஏந்தி, அடிமேல் அடி வைத்து அடுப்படிக்குக் கொண்டுபோவாள். அவித்து, உரித்து, உப்பு தூவி, மஞ்சள் கருவை நான்தான் ஊட்டுவேன். வெள்ளையைத் துப்பிவிடுவாள்.

பேச்சு வரவில்லை என்றதும் லூர்து நாளுக்கு ஒரு முட்டை என்றிருந்ததை இரண்டாக்கினாள். "அந்தோணியார் கோழி முட்டயாச்சே, வாய் தெறக்கும் பாரு" என்பாள். அந்தோணியாரின் நாக்கு பல நூறு வருடம் அழுகாமல் இருந்தது என்று கோயிலில் சொல்வார்கள். அந்த நம்பிக்கைதான். நானும் நம்பினேன். பிள்ளை எவ்வளவுக்கெவ்வளவு பேசாமல் இருந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு முட்டை கொடுத்தோம்.

முட்டையை நாங்கள் விற்றதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், "அடை வெச்சிருக்கேன்" என்று பொய் சொல்லிவிடுவேன். எல்லாம் பேத்திக்கு வேண்டும். என் கஞ்சத்தனத்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் தப்பின.

மேலே போட்ட கறுப்பு

எங்கள் கொல்லை தாழ்வான இடம். ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு முந்தைய மழையில் கழிமுகத் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. கட்டில் காலில் நண்டு ஊர்ந்தது. பந்தல் போடவாவது இடத்தை மேடாக்க வேண்டும் என்று லூர்து நச்சரித்தாள்.

எங்கள் பக்கத்தில் இடம் மேடாக்க யாரும் மண் வாங்க மாட்டார்கள். மண்ணுக்கு எங்கே போவது? அனல் மின் நிலையச் சாம்பல்தான். சும்மா கிடைக்கும், நல்ல சாம்பல் நிறத்தில், மாவாக இருக்கும். தெருவில் பாதி வீடுகள் அதன் மேல்தான் நிற்கின்றன. நானும் இரண்டு லோடு கொட்டினேன்.

ஆனால் அது பறக்கும். கடற்காற்று அடித்தால் சோற்றில் சாம்பல், கொடித்துணியில் சாம்பல், கண்ணில் சாம்பல். தண்ணீர் தெளித்துத் தெளித்து லூர்துவுக்குத் தோள் கழன்றது.

டிரைவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். பறக்கிற சாம்பல் மேல் பறக்காததைப் போடு. பழைய பேட்டரிகளை உருக்கும் கொட்டகை ஒன்றிலிருந்து அப்போது நான் கழிவு ஏற்றிக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை. கறுப்பாக, குருணை குருணையாக, பாதி வண்டி ஏற்றினாலே அச்சு முனகுகிற கனம். புளித்த ஒரு நெடி வரும். காற்றில் இம்மிகூட நகராது. அதில் ஒரு லோடு கொண்டுவந்து மேலே பரப்பி மிதித்துவிட்டேன். ஒரே நாளில் தூசி அடங்கிவிட்டது.

லூர்து அன்று என்னை மெச்சினாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் என்னை மெச்சிய நாட்கள் சில உண்டு, அது ஒன்று. எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லாரி உலகத்தில் ஒரு பேச்சு உண்டு: லோடு இன்னான்னு கேக்காத, எங்க கொட்டணும்னு கேளு. அந்தப் புத்தியிலேயே வாழ்ந்துவிட்டேன்.

கோழிகள் அந்தக் கறுப்பைக் கொண்டாடின. வெயில் ஏறினால் குழி பறித்துப் படுத்து, இறகுக்குள் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்ளும். பேன் போகக் கோழி மண் குளிக்கும், தெரிந்த விஷயம்தான். அந்தக் குருணையையும் கொத்தித் தின்னும். கிளிஞ்சல் நொறுக்கிப் போடும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். பக்கத்திலேயே ஜெனி உட்கார்ந்து கோழிகளைப் போலத் தன் தலையிலும் அள்ளிப் போட்டுக்கொள்வாள். பார்த்துச் சிரிப்போம்.

கோழிக்குப் பல் கிடையாது

முட்டை கொண்டுபோன டாக்டர் பெண் திரும்பி வந்தார். இந்த முறை காபியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நல்ல செய்தி இல்லை என்று அதிலேயே லூர்துவுக்குத் தெரிந்துவிட்டதாம். பிற்பாடு சொன்னாள்.

"உங்க கொல்லை மண்ணுல ஈயம் ரொம்ப இருக்கு. முட்டையிலயும் இருக்கு" என்றார். "கோழிக்குப் பல் கிடையாதில்லையா? கல்லை முழுங்கித்தான் தீனியை அரைக்கும். இங்க அது முழுங்கின கல்லே ஈயக் கழிவு. அது ரத்தத்துல கலந்து முட்டைக்கு வருது. குழந்தை மண்ணுல விளையாடி வாயில கை வச்சதும் சேர்ந்திருக்கு."

ஸ்டெல்லா கேட்டாள்: "புள்ள பேசாதது இதாலதானா, மேடம்?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இது இல்லன்னும் சொல்ல முடியாது."

"வவுத்துல இருக்க சொல்லோ நானும் தெனம் சாப்ட்டேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் முட்டையை நிறுத்துங்கள், குழந்தையை இந்த மண்ணிலிருந்து எடுங்கள், இரும்புச்சத்து மருந்து தருகிறேன், ரத்தத்தில் மெதுவாகக் குறையும் என்றார். போன நாட்களைத் திரும்பக் கொண்டுவர மருந்து இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "இந்தக் கறுப்பு மண் எங்கேர்ந்து வந்துச்சு ஐயா?" என்று கேட்டார்.

லூர்து முந்திக்கொண்டாள். "யாரோ லாரிக்காரன் கொட்னாம்மா."

"நாந்தான் அந்த லாரிக்காரன்" என்றேன். டாக்டரும் லூர்துவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா பார்க்கவில்லை. ஜெனியின் தலையிலிருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பதினொன்று

கோழிகளைத் தின்னக் கூடாது, கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு பாபு வந்து நின்றான். தனிக்கட்டை, நண்டு பிடிப்பவன்.

"இன்னா மாமு, அவ்ளோத்தையும் பொதைக்கப் போறியாமே? எங்கிட்ட குட்றா. நான் குடிக்காத வெஷமா இதுல கீது?"

"போடா. கடப்பாற இருந்தா எட்த்துகினு வா."

கொண்டுவந்தான். இரண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டினோம். மேலே கறுப்பு, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே பழைய கடல் மணல். மணல் தெரிந்ததும் பாபு நிறுத்தினான்.

கோழி அறுப்பது எனக்குப் புதிதில்லை. கிறிஸ்துமஸுக்கு அறுத்திருக்கிறேன். அப்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், யாராவது வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள், கை தானாக ஓடும். சமைக்கப்போவதில்லை என்று தெரிந்து அறுக்கும்போது கை வேலை செய்ய மறுக்கிறது. மூன்றாவது முடிந்ததும் கத்தியை நீட்டினேன். பாபு கத்தியை வாங்கிக்கொண்டான்.

நொண்டி ஓடவே இல்லை. வழக்கம்போலத் தீனிக்கு என்று நினைத்து என் காலடிக்கே வந்தது. மேஸ்திரி கூரைமேல் ஏறிக்கொண்டு எங்களை வாய்க்கு வந்தபடி திட்டியது. அதைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கருவாச்சி சீட்டில் உட்கார்ந்திருந்தது. எடுத்தபோது அடியில் ஒரு முட்டை இருந்தது. அதையும் குழியில் போட்டேன்.

லூர்து வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டு, அந்தோணியாரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். பிறகு தொடர்ந்து சொன்னாள். ஸ்டெல்லா ஜெனியைத் தெருமுனை வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தாள். சாயந்திரம் திரும்பி வந்த ஜெனி காலிக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள், சீட்டின் அடியில் குனிந்து பார்த்தாள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் எந்தப் பக்கம் நடப்பேன்?

வெறுங்கை

விஷயம் தெரிந்து மாப்பிள்ளை ஒப்பந்தம் முடியும் முன்பே துபாயிலிருந்து வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது பேட்டரிக் கழிவுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவருக்கு எப்டிப்பா தெரியும்?" என்றாள் லூர்து.

"தெரியும்" என்றேன். "கோழி மூலமா வரும்னுதான் தெரியாது."

அவர் ஜெனியின் செருப்பை எடுத்துப் பையில் போட்டார். "இனிமே எம் பொண்ணுக்கு உங்க கையால ஒண்ணும் குடுக்காதீங்க. ஒரு பிஸ்கோத்து கூட வாணாம்" என்றார். அன்றைக்கே வியாசர்பாடியில் தன் அண்ணனின் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு இருவரையும் அழைத்துப் போய்விட்டார்.

குழந்தையைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் மாதம் இரண்டு ஞாயிறு வெறுங்கையோடு போகிறேன். எண்ணூரில் ரயிலேறி, கொருக்குப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து மூன்றாவது மாடி ஏறுவேன். நான் வரும் நேரத்துக்கு மாப்பிள்ளைக்கு வெளியே வேலை வந்துவிடும். ஸ்டெல்லா தண்ணீர் கொடுப்பாள். அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். எங்கள் கொல்லைக்கு இப்போது சிமென்ட் போட்டாயிற்று என்று சொன்னேன். "செரி நைனா" என்றாள். என்மீது கோபமா என்று கேட்கத் துணிவு வரவில்லை, இன்றுவரை.

ஜெனியின் ரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டு வருகிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போகிறார்கள். அங்கேயும் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று வயது முடிந்துவிட்டது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிறு. கீழே பையன்கள் பந்தை உதைக்கும் சத்தம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஜெனி என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். இடது கையையும் பிரித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

"முட்ட."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. ஸ்டெல்லா சோப்பு நுரை சொட்டும் கையோடு ஓடிவந்தாள்.

"இன்னா சொன்ன கண்ணு? இன்னொரு தபா சொல்லு!"

"முட்ட" என்றாள் ஜெனி, என் காலிக் கையை ஆட்டிக்கொண்டே.

ஸ்டெல்லா அவளை வாரி அணைத்தாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே நடந்தது. நுரைக் கையாலேயே போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "பேசிட்டா! ஜெனி பேசிட்டாங்க! இப்பதான், வாயத் தெறந்து, நல்லா பளிச்சுன்னு சொன்னா!"

அந்தப் பக்கம், அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த பட்டறையில், இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. யாரையோ நிறுத்தச் சொல்லி அவர் கத்தினார். சத்தம் நின்றது. "இன்னா சொன்னா? இன்னா சொன்னா ஸ்டெல்லா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "தாத்தான்னு சொன்னா" என்றாள்.